நிலமும் விலையும் யார் கையில்?

(தேவர்சோலையில் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மழை வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று கமிட்டித் தோழர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறோம்.

1947-ல் இந்த மலையில் கொடி ஏறியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் இலங்கையில் ஏறியது. 1957-ல் ஆப்பிரிக்காவிலே கானா நாட்டில் ஏறியது. வெள்ளைக்காரன் போய்விட்டானே, பிறகு ஏன் இந்த நாடுகள் இன்னும் தவிக்கின்றன என்று கேட்கிறார்கள். ஜனங்கள் சோம்பேறிகள், பிள்ளைகளை அதிகம் பெறுகிறார்கள் என்று படித்தவர்களில் சிலர் பதிலும் சொல்லிவிடுகிறார்கள். விடியற்காலைப் பனியில் நனைந்துகொண்டு சரிவில் நின்று கொழுந்து பறிக்கிற பெண்ணைப் பார்த்து, சோம்பேறி என்று சொல்ல எவருக்கு வாய் வரும்? காரணம் வேறு. அதைத் தேடிக் கானாவுக்குப் போக வேண்டாம். நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் கூடலூர் மண்ணிலேயே கிடக்கிறது.

1880 வாக்கில் தேவாலா, பந்தலூர் பக்கம் பொன் கொட்டிக் கிடக்கிறது என்று லண்டனில் ஒரு வெறி கிளம்பியது. கம்பெனிகள் முளைத்தன. லட்சக்கணக்கான பவுன் பங்குப் பணம் திரண்டது. சில வருஷங்களில் எல்லாம் இழுத்து மூடப்பட்டது. மண்ணிலிருந்து வந்த பொன் கொஞ்சம். பங்கு விற்றவர்கள் சேர்த்த பொன்தான் அதிகம்! அந்தக் குழிகள் இன்றும் காட்டுக்குள் வாய் பிளந்து கிடக்கின்றன. காப்பி வந்தது, பிறகு தேயிலை வந்தது. நிலமோ காகிதத்தில் நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்மம். ஜென்மியிடம் துரைமார் குத்தகைக்கு வாங்கினார்கள். இந்த மண்ணில் அவர்களுக்கெல்லாம் முன்பே இருந்த பணியர்களுக்கோ ஒரு சாண் நிலம்கூடக் காகிதத்தில் இல்லை. மானந்தவாடிக்குப் பக்கத்தில் வள்ளியூர்க்காவுத் திருவிழாவில், ஒரு வருஷ உழைப்புக்கு அவர்களை நிலக்காரர்கள் பேசிப் பிடித்துப் போவார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்க நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது 1976-ல். கொடி ஏறி 29 ஆண்டுகளுக்குப் பிறகு!

ஜென்மத்தை ஒழிக்கவும் சட்டம் வந்தது. 1969-ல் தமிழக சட்டசபை நிறைவேற்றியது. ஏறத்தாழ 80 ஆயிரம் ஏக்கர் சம்பந்தப்பட்ட விஷயம். சும்மா இருப்பார்களா? தோட்டக் கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 1972-ல் சுப்ரீம் கோர்ட், சட்டத்தின் பெரும்பகுதி செல்லும், காடுகளைச் சர்க்கார் எடுப்பது மட்டும் செல்லாது என்றது. 1974-ல் அரசியல் சட்டத்தையே திருத்தி, இந்தச் சட்டத்தை ஒன்பதாவது அட்டவணைக்குள் வைத்தார்கள். அந்த அட்டவணை நிலச் சீர்திருத்தத்துக்குக் கட்டிய கோட்டை. உள்ளே போன சட்டத்தைக் கோர்ட் தொடாது என்பது எண்ணம். அதையும் எதிர்த்து வழக்கு. கடைசியில் 2007 ஜனவரி 11-ல் ஒன்பது நீதிபதிகள் கூடித் தீர்ப்புச் சொன்னார்கள். 1973 ஏப்ரல் 24-க்குப் பிறகு அந்த அட்டவணையில் சேர்த்த சட்டங்களையும் கோர்ட் ஆராயலாம் என்றார்கள். கொயல்ஹோ வழக்கு என்று வக்கீல்கள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லுவார்கள். அது நம் கூடலூர் நிலத்தில் பிறந்த வழக்கு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதற்குள் பிள்ளை பிறந்து, பேரனும் பிறந்துவிட்டான். குத்தகைத் தோட்டங்களின் கதி என்ன என்று சட்டத்தின் 17-வது பிரிவு சர்க்காரின் முடிவுக்கு விட்டது. அந்த நிலங்களில் குடிசை போட்டவர்களில் எத்தனையோ பேருக்குப் பட்டா கிடைக்கவில்லை. பட்டா இல்லையென்றால் வீட்டுக்கு மின்சாரம் வாங்குவதே பெரும்பாடு. கம்பெனியின் குத்தகைக்கு வக்கீல் இருந்தார். குடிசைக்கு யார் இருந்தார்?

இனி இலங்கையிலிருந்து வந்த நம் ஜனங்களைப் பற்றி. இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். 1947 தேர்தலில் அங்கே தோட்டத் தொழிலாளர் வோட்டில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் 7 பேர் பார்லிமெண்டுக்குப் போனார்கள். அதைக் கண்டு பயந்தவர்கள் 1948-ல் குடியுரிமையைப் பறித்தார்கள். அடுத்த ஆண்டு வோட்டையும் பறித்தார்கள். புதுச் சுதந்திர நாட்டின் முதல் வேலைகளில் ஒன்று, அந்த நாட்டுக்கு அந்நியச் செலாவணி சம்பாதித்துக் கொடுத்தவனை நாடற்றவனாக்கியது! 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் டில்லியில் கையெழுத்திட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000; இலங்கைக்கு 3,00,000; மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். மூட்டை பிரிப்பதுபோல மனிதரைப் பிரித்தார்கள். கண்டியில் வாங்கிய குடும்ப அட்டையோடு தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து இந்த மலைக்கு வந்தார்கள்.

அவர்களுக்கு வேலை கொடுக்கவென்று 1968-ல் வனத்துறையின் கீழ் தேயிலை நடும் திட்டம் தொடங்கியது. 1976-ல் அது டான்டீ என்ற சர்க்கார் கம்பெனியானது. காட்டைத் திருத்தி, குழி வெட்டி, நாற்று நட்டது யார் கை? அந்தக் கைதான். ஆனால் அந்தக் காட்டில் தேனெடுத்துக்கொண்டிருந்த காட்டுநாயக்கர்களிடமும் பணியர்களிடமும் எவரும் கேட்கவில்லை. இதை நாம் ஒளிக்கக் கூடாது. இலங்கையில் நம்மைக் கேட்காமல் கையெழுத்திட்டார்கள். இங்கே அவர்களைக் கேட்காமல் மரம் வெட்டினார்கள். இரண்டு ஏழைகளை ஒரே மேட்டில் நிறுத்தி, நீ வந்தவன், நீ இருந்தவன் என்று மோதவிடுவதற்கு ஆட்கள் எப்போதும் உண்டு. தோழர்களே, அந்த வலையில் விழ வேண்டாம்.

நிலத்தின் கதை இது. விலையின் கதை என்ன? ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். அதை நாம் பறிக்கிறோம். விலையை நாம் வைக்கிறோமா? முன்பு லண்டன் ஏலத்தில் வைத்தார்கள். 1963-ல் குன்னூரிலேயே ஏலம் வந்தது. 1998 ஜூன் 29-ல் லண்டன் ஏலமே நின்றுபோனது. சந்தோஷப்பட வேண்டாம்! ஏலம் நின்றதே தவிர, வாங்குகிற பெரிய கைகள் நிற்கவில்லை. சோவியத் நாடு நீலகிரித் தேயிலையை ஏராளமாக வாங்கிவந்தது. 1991-ல் அந்த நாடு கலைந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இலை விலை விழுந்து, படுகர் கிராமங்களின் சிறு விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். மில் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பஞ்சு விலை ஏறினாலும் கூலியில் கை, இறங்கினாலும் கூலியில் கை!

கானாவுக்கு நேர்ந்ததும் இதுதான். அங்கே கோக்கோ. 1965-ல் உலகச் சந்தையில் கோக்கோ விலை சரிந்தது, கஜானா வறண்டது, அடுத்த ஆண்டு பிப்ரவரியில் நிக்ருமா வெளிநாடு போயிருந்த சமயம் பார்த்து ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஒரே பயிரை விற்று மற்ற எல்லாவற்றையும் வாங்கித் தின்கிற நாடு, கடைக்காரன் தயவில் வாழ்கிற நாடு. வேறு வழியே கிடையாதா? உண்டு. 1952-ல் இலங்கை, அமெரிக்காவின் முறைப்பைப் பொருட்படுத்தாமல், சீனாவுக்கு ரப்பர் கொடுத்து அரிசி வாங்க ஒப்பந்தம் செய்தது. சந்தை விலையைவிட நல்ல விலை ரப்பருக்குக் கிடைத்தது. கையெழுத்திட்டது இடதுசாரி மந்திரிசபைகூட அல்ல!

அப்படியானால் எல்லாவற்றையும் சர்க்கார் எடுத்துக்கொண்டால் போதுமா என்று ஒரு தோழர் வரும் வழியில் கேட்டார். போதாது. 1972-லும் 1975-லும் இலங்கை தோட்டங்களையெல்லாம் தேசியமயமாக்கியது. துரை மாறினார், லயம் மாறவில்லை. இங்கேயும் சர்க்கார் தோட்டம்தான் இருக்கிறது. நஷ்டம் என்று சொல்லி 2022-ல் டான்டீயின் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை வனத்துறைக்குத் திருப்பித் தர உத்தரவு போட்டார்கள். காடு வளரட்டும், யானைக்கும் வழி வேண்டும். நமக்கு அதில் பகை இல்லை. நட்ட கைகளுக்கு என்ன என்பதுதான் கேள்வி. தோட்ட வீடு வேலையோடு ஒட்டியது. உடம்பு ஓய்ந்து வேலையிலிருந்து நின்றவன், கூரையையும் விட்டு இறங்க வேண்டும் என்றால் எங்கே இறங்குவது? தலைமன்னாருக்கா?

ஆகவே வேலைக்கு வருகிறோம். குடியிருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் பட்டா. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் குடிகளுக்கு 2006-ன் வன உரிமைச் சட்டப்படி உரிமைச் சீட்டு. இரண்டையும் ஒரே மனுவில், இரு தரப்புக் கையெழுத்தோடு கொடுப்போம். ஞாயிற்றுக்கிழமை முதல் லைன் லைனாக, பாடி பாடியாக வந்து கணக்கெடுப்போம். பாட்டன் கொண்டுவந்த குடும்ப அட்டை பெட்டியடியில் கிடந்தால் எடுத்து வெயிலில் காயவைத்து வையுங்கள். கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை. அரித்தது போக மிச்சமிருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்கிறோம்.