கணவாய் வழியே ஒரு பிரயாணம்

மணாலியிலிருந்து லே நகருக்கு மோட்டார் சைக்கிளில் சென்று வந்தோரை, "எத்தனை நாளில் சேர்ந்தீர்கள்?" என்று நாம் கேட்கிறோம். 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அவ்வழியில் விரைவு பெருமைக்குரியதன்று.

'லா' என்னும் லடாக்கியச் சொல்லுக்குக் கணவாய் என்பது பொருள். பாரலாச்சா லா, லாச்சுலுங் லா, டங்லாங் லா என அவை அடுத்தடுத்து எதிர்ப்படுகின்றன. இறுதியானது ஏறத்தாழ 5,300 மீட்டர் உயரமுடையது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதியளவே. கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் மிகுந்து, காற்றுக் குறைந்து, எஞ்சின் தளரும். விரைந்து ஏறிய மனிதனுக்கோ தலைவலியும் வாந்தியும் காணும். அதையும் பொருட்படுத்தாது மேலேறினால் நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும். தாமதியாமல் கீழிறங்குவதே முதல் மருந்து.

வெயில் ஏறப் பனி உருகுவதால், காலையில் கணுக்காலை நனைத்த ஓடை பிற்பகலில் பாதிச் சக்கரத்தை மறைக்கும். ஆதலால் விடியலில் புறப்படுதல் நன்று.

நேயர்களே, ஆண்டுதோறும் பனியில் புதையும் இச்சாலையை, 1960இல் நிறுவப்பெற்ற எல்லைச் சாலைகள் அமைப்பு ஆண்டுதோறும் மீட்கிறது. ஜார்க்கண்டு முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் அம்மெல்லிய காற்றிலேயே கல் உடைக்கின்றனர். அவர்களைக் கடக்கையில் வண்டியை மெல்லச் செலுத்துங்கள். நம் புழுதியேனும் அவர்கள்மேல் படியாதிருக்கட்டும்.