மனத்தில் ஒரு கட்டடம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



சிவில் படித்தவனை மேடையேற்றினால் கட்டடத்தைப் பற்றித்தான் பேசுவான். நானும் ஒரு கட்டடத்தைப் பற்றியே பேசப்போகிறேன். ஆனால் அதற்கு ஒரு மூட்டை சிமெண்ட்கூடச் செலவாகவில்லை!

சென்னை–அரக்கோணம் ரயில் பாதையில் இருக்கிறதே திருநின்றவூர், அந்த ஊர்க்காரர் பூசலார். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை; அலைந்தும் பணம் சேரவில்லை. மனத்திலேயே கட்டினார். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் இதைச் சொல்லும் முறையைப் பாருங்கள். பொருள் சேர்க்கிறார், தச்சரைத் தேடுகிறார், நல்ல நாள் பார்த்து அடிநிலை போடுகிறார், இரவிலும் உறங்காமல் வேலை பார்க்கிறார். உபானம், சிகரம், தூபி, சுதைவேலை, கிணறு, மதில், குளம் என்று வரிசையாக முடிக்கிறார். நம்ம சைட் எஞ்சினியர் தோற்றார் போங்கள்! காஞ்சியில் கற்றளி எடுத்த பல்லவ மன்னன் கனவில் இறைவன் வந்து, நாளை பூசலார் கோயிலில் புகப்போவதால் உன் விழாவைத் தள்ளி வை என்றாராம்.

மாணவர்களே, காரு, பங்களா, அமெரிக்கா என்று முடிவை மட்டும் நினைப்பது வெறும் ஆசை. அதில் கலசம் இருக்கும், அஸ்திவாரம் இருக்காது. பூசலார் செய்தது தவம்.

நான் வேலை பார்த்த நிறுவனம் மூடப்பட்டு எட்டு மாதம் வீட்டில் இருந்தேன். "இன்னைக்காவது வேலை கிடைச்சுதாப்பா?" என்று மகன் கேட்பான். தினமும் விடியற்காலை பத்து நிமிடம் கண்மூடி உட்கார்ந்து, அவனுக்கு எந்த முகத்தோடு, எந்தக் குரலில் பதில் சொல்வேன் என்று மனத்தில் பார்த்துக்கொள்வேன். மனைவி கடைக்குப் பணம் கேட்பதையும், நான் எரிந்து விழாமல் பேசுவதையும் பார்ப்பேன்.

இதனால் வேலை வந்தது என்று சொல்லமாட்டேன். விண்ணப்பம் போட்டு, ஏறி இறங்கித்தான் வந்தது. ஆனால் அந்த எட்டு மாதமும் பிள்ளை என்னைக் கண்டு பயப்படவில்லை. கற்பனை உலகத்தை மாற்றுமோ என்னவோ, கற்பனை செய்கிறவனை மாற்றும்.

இன்று இரவு படுக்கும் முன் நீங்களும் ஒரு கல் வையுங்கள்.