இதயத்துள் ஓர் ஒளிமணி



இலண்டன் மாநகரில் சென் போல் பேராலயக் குவிமாடத்தின் அடியிலே வட்டமான மாடமொன்று உண்டு. அதன் சுவரருகே ஒருவர் மெல்லப் பேசினால், 30 மீற்றருக்கு அப்பால் எதிர்ச்சுவரருகே நிற்பவர் செவியில் அது தெளிவாக விழும். ஒலி நடுவெளியைக் கடந்து செல்வதில்லை. வளைந்த சுவரைத் தழுவியே ஊர்ந்து செல்கின்றது என விளக்கியவர் றேலி பிரபு. 1910 ஆம் ஆண்டில் அவர் இதற்குரிய அலைக்கணிதத்தையும் வகுத்தார்.

மாடம் ஒலிக்குச் செய்வதை, மிகச் சிறிய உருண்டை மணியொன்று ஒளிக்குச் செய்யும். மணியினுள் புகுந்த ஒளி வெளியேற இயலாது உட்புற விளிம்பிலே மோதி மோதிச் சுற்றிவரும். இதனைப் பௌதிக நூலார் முழுவுட்டெறிப்பு என்பர். ஒரு சுற்றில் முழு எண்ணிக்கையான அலைகளாய்ப் பொருந்தும் ஒளியே நிலைபெறும், ஏனையது மங்கிவிடும். மணிக்கு ஒளிரும் சாயமூட்டி, வெளியிலிருந்து லேசர் ஒளியைப் பாய்ச்சினால், அம்மணி தானே ஒரு சிறு லேசராகி, தனக்குரிய அலைநீளங்களில் ஒளி வீசும். மணியைச் சூழ்ந்த பொருளின் ஒளிமுறிவுத் தன்மை சற்று மாறினாலும் அவ்வலைநீளங்கள் இம்மியளவு நகரும். கண்ணுக்குப் புலப்படாத அம்மாற்றத்தை நிறமாலைமானி காட்டிவிடும். மணி உணர்கருவியாவது இவ்வாறே.

நலிந்த இதயத்திற் புதிய உயிர்க்கலங்களை நட்டுச் சீராக்க இன்று அறிஞர் முயல்கின்றனர். நட்ட கலங்கள் அயற்கலங்களோடு ஒத்துத் துடியாவிடின், இதயத்தின் தாளமே பிழைத்து உயிருக்கு ஆபத்து நேரக்கூடும். நாடியோ மின்வரைபோ முழு இதயத்தின் செய்தியையே கூறும். தனிக் கலமொன்றின் செய்தியைக் கூறுவது யார்?

ஸ்கொத்லாந்தின் சென் அன்றூஸ் பல்கலைக்கழகத்தார் 2020 இல் இதற்கு வழி காட்டினர். மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கிலும் சிறிய மணிகளை இதயக் கலங்கள் தாமே விழுங்கிக்கொண்டன. கலம் சுருங்குந்தோறும் மணியைச் சூழ்ந்த புரதம் நெருக்கமுற்று, ஒளியின் அலைநீளம் நகர்ந்தது, விரியுந்தோறும் மீண்டது. உயிருள்ள சிறுமீனின் இதயத்திலும் இவ்வாறு துடிப்பை அளந்தனர்.

ஆயினும், தடித்த தசை ஒளியைச் சிதறடிக்கும். மனித இதயத்தின் ஆழத்துக்கு ஒளியைச் செலுத்துவது எளிதன்று. ஆகவே, இதனை ஆய்வுகூடக் கருவியாகக் கொள்வதே முறை. நோய்க்கு மருந்தெனக் கொள்ளலாகாது.

சுவரோரத்து மெல்லொலியை ஆராய்ந்த காலத்தில் றேலி பிரபு இதய நோயாளரை எண்ணியிரார். "இதனால் என்ன பயன்?" என்று கேட்டுச் சிறுவரின் வினாக்களை அடக்கும் பெரியோர், இதனைச் சற்றே சிந்திப்பாராக.