மலையில் விதை தங்கட்டும்



நம் தருமபுரி மாவட்டத்தில் வத்தல்மலை, சித்தேரி மலைகளில் வாழும் மலையாளி மக்கள் பழங்குடியினர். பேரைப் பார்த்துக் கேரளத்துக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். தமிழ் பேசும் மலைக்குடியானவர்கள் அவர்கள். சாமை, கேழ்வரகு, தினை என்று தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்து வருகிறார்கள்.

இயற்கை இடர் வந்தால் அவர்களுக்கு எப்படி உதவுவது? 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி மாநிலம் என்று அரசு அறிவித்தது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது நேர்மாறு. ஒரே நாளில் அரூரில் 33 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இப்படிப்பட்ட காலத்தில் அரிசி, போர்வை கொடுத்தாச்சு, வேலை முடிஞ்சுது என்று இருந்துவிடக் கூடாது. பசி வந்தால் விதைத் தானியமும் அடுப்பேறிவிடும், நனைந்தால் முளைக்காது. அடுத்த ஆடியில் விதைக்க என்ன இருக்கும்? ஆகவே நிவாரணத்தோடு விதையும் போய்ச் சேர வேண்டும். ஏக்கருக்கு 5 கிலோ சாமை விதை இருந்தால் தூவி விதைக்கப் போதும்.

மலை விவசாயிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. அறுவடைக்கு முன்பே திரட்சியான, கலப்பில்லாத கதிர்களைத் தனியே கொய்து வையுங்கள். நன்றாகக் காயவைத்து, மண் பானையிலோ சுரைக்குடுவையிலோ காய்ந்த வேப்பிலை போட்டுப் பரண்மேல் வையுங்கள். எல்லா விதையையும் ஒரே வீட்டில் வைக்காதீங்க. இரண்டு மூன்று வீட்டில் பிரித்து வைத்தால் ஒரு கூரை ஒழுகினாலும் இன்னொன்று காப்பாற்றும். விதைக்கும் முன் 100 மணியை ஈரத்துணியில் முடிந்து பாருங்கள். ஒரு வாரத்தில் 75-க்கு மேல் முளைத்தால் நல்ல விதை. சந்தேகம் இருந்தால் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

விதையோடு கூடவே போவது பெரியவர்களின் அறிவு. எந்த மழைக்கு எந்தத் தானியம், எந்தச் சரிவில் எது தாங்கும் என்பதெல்லாம் அவர்கள் வாயில்தான் இருக்கிறது. அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறும் இடமும் கொடுத்துப் படிக்க வைக்கிறார்கள், அவசியம் சேருங்கள். மேற்படிப்புக்குச் சாதிச் சான்று வேண்டும். கோட்டாட்சியரிடம் முன்கூட்டியே மனுச் செய்யுங்கள். கடைசி நேரத்தில் அலைந்தால் ஒரு வருஷப் படிப்பு போய்விடும். விடுமுறைக்கு வரும் பிள்ளைகளை விதைப்புக்கும் களத்துக்கும் கூட்டிப் போங்கள். தாத்தா பாட்டி சொல்வதை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். படிப்பும் இருக்கும், பழக்கமும் நிற்கும்.

கீழ்நாட்டு விவசாயிகளே, விற்காத தானியத்தை யாரும் விதைக்க மாட்டார்கள். 2023 மே மாதம் தருமபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கும் திட்டம் தொடங்கியது. கேழ்வரகுக்குக் கிடைத்த மதிப்பு சாமைக்கும் வரட்டும். வாரம் ஒரு நாள் சாமைச் சோறு ஆக்குங்கள். சந்தையில் மலைக்காரரிடம் நியாய விலை கொடுத்து வாங்குங்கள். அது தருமம் அல்ல. அவர்கள் உழைப்புக்கு உரிய கூலி.