மக்கள் மன்றத்திலிருந்து நீதிமன்றத்திற்கு: வி.ஆர். கிருஷ்ண ஐயரின் பாதை

(வழக்கறிஞர்கள் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



அரசியலில் இருந்தவர் நீதிபதியாகலாமா என்ற கேள்வி, வி.ஆர். கிருஷ்ண ஐயர் 1973இல் உச்சநீதிமன்றத்திற்கு நியமிக்கப்பட்டபோது உரக்க எழுப்பப்பட்டது. நிலவுடைமையாளர்களின் பார்வையில் ஊறியவர்கள் நீதிபதிகளானபோது அக்கேள்வி எழவில்லை. அவர்களின் சார்பு நடுநிலை எனப்பட்டது. உழைப்பாளிகளை அறிந்தவரின் அனுபவம் மட்டும் சார்பு எனப்பட்டது.

அந்த அனுபவம் எத்தகையது? தலச்சேரியில் வழக்கறிஞராக இருந்து, தொழிலாளர்களுக்காகவும் விவசாயிகளுக்காகவும் வாதாடினார். கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று 1948இல் சிறைவைக்கப்பட்டார். 1952இல் கூத்துப்பறம்பிலிருந்து சுயேச்சையாகச் சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்குத் தேர்வானார். 1957இல் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆதரவோடு தலச்சேரியில் வென்று, தோழர் இ.எம்.எஸ். அமைச்சரவையில் சட்டம், சிறை, மின்சாரம் உள்ளிட்ட துறைகளை ஏற்றார். பதவியேற்ற சில நாட்களிலேயே குத்தகை விவசாயிகளை நிலத்திலிருந்து வெளியேற்றுவதைத் தடுத்து அவசரச் சட்டம் பிறப்பித்தது அந்த அரசு. 1959 ஜூலை 31 அன்று 356ஆவது பிரிவின் கீழ் அது கலைக்கப்பட்டது.

இந்த வரலாற்றை நினைவில் இருத்தித்தான் அவரது தீர்ப்புகளைப் படிக்க வேண்டும். அமைச்சரவையின் ஆலோசனைப்படியே ஆளுநர் செயல்பட வேண்டும் என்பதை 1974ஆம் ஆண்டு ஷம்ஷேர் சிங் வழக்கில் நீதிபதி பகவதியோடு இணைந்து அவர் வலியுறுத்தினார். ஆளுநர்கள் மசோதாக்களை முடக்கும் இக்காலத்தில் அதன் பொருளை நாம் அறிவோம்.

1978இல் மத்தியப் பிரதேசக் கொத்தனார் ஒருவரின் வழக்கு அவர் முன் வந்தது. பிணை கிடைத்தும் அவரால் வெளியே வர இயலவில்லை. பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டது கீழ் நீதிமன்றம். சகோதரர் முன்வந்தபோது, அவரது சொத்து வேறு மாவட்டத்தில் உள்ளது என மறுத்தது. ஏழைக்கு எட்டாத பிணை, மறுக்கப்பட்ட பிணையே என்று கண்ட கிருஷ்ண ஐயர், ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணைப்பத்திரத்தில் அவரை விடுவிக்க ஆணையிட்டார். திகார் சிறையில் சக கைதி சித்திரவதை செய்யப்பட்டதைச் சொல்லி சுனில் பத்ரா எழுதிய கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. சிறைக் கம்பிகளை உள்ளிருந்து கண்டவர்; சிறைத்துறையை நிர்வகித்தவர். அவருக்கு அக்கடிதத்தைப் புரிந்துகொள்ள விளக்கம் தேவைப்படவில்லை.

பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கு தொழிற்சங்க இயக்கத்தின் பெரும் உடைமை. இலாப நோக்கம் இருக்கிறதா என்பது முக்கியமல்ல. முதலாளி, தொழிலாளி கூட்டுழைப்பில் முறையாக நடந்து, மக்களின் தேவைக்கான பொருளையோ சேவையையோ தருவது தொழிலே என்றார் அவர். மருத்துவமனை, கல்வி நிறுவன ஊழியர்களுக்கும் தொழிற்தகராறுச் சட்டத்தின் பாதுகாப்பு இதனால் விரிந்தது.

ஆனால் தோழர்களே, தீர்ப்புகள் தாமாக நிலைப்பதில்லை. மரண தண்டனையை மிகவும் குறுக்கி 1979இல் அவர் தந்த தீர்ப்பின் நிலைப்பாட்டை அடுத்த ஆண்டே அரசியல் சாசன அமர்வு ஏற்க மறுத்தது. 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு, அறப்பணி, சமூக சேவை அமைப்புகளின் நிறுவனங்களைத் ‘தொழில்’ என்ற வரையறையிலிருந்தே விலக்குகிறது. இந்தியச் சிறைவாசிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் இன்றும் விசாரணைக் கைதிகளே.

ஒரு நல்ல நீதிபதியின் வருகைக்காகக் காத்திருப்பது நமது பணியல்ல. மலபாரின் விவசாயப் போராட்டங்களும் தொழிற்சங்கங்களும் இல்லாமல் அந்த வழக்கறிஞர் உருவாகியிருக்க மாட்டார். அவர் எழுதிய உரிமைகளைத் தெருவிலும், தொழிற்சாலை வாயிலிலும், நீதிமன்றத்திலும் காப்பதே நமது கடமை.