தசை வறுமை
(நம் சங்கத்து ஆண்டுவிழாவில் மகளிர் கூட்டத்தின்கண் ஆற்றிய சொற்பொழிவு)



தமிழ் கற்பித்து வாழும் யான் உடல்நலம் பற்றிப் பேச முன்வந்தமை சிலர்க்கு வியப்பாகலாம். கற்றனவும் மருத்துவர்பாற் கேட்டனவுமன்றி என் சொந்தச் சரக்கு இதில் யாதுமில்லை. என் இல்லத்தில் நேர்ந்த ஒரு பிழையே என்னை இங்கு நிறுத்தியது.

என் அன்னையார் 50 வயது வரை கிணற்றில் நீர் இறைத்தவர்; ஆட்டுக்கல்லில் மாவரைத்தவர். மருமகள் வந்தபின், "இனித் தாங்கள் ஒரு வேலையும் செய்யலாகாது" என்று அமர்த்தினேன். அதனைப் பெருமையாகவும் எண்ணினேன். சில ஆண்டுகள் கழித்து ஒரு மணவீட்டுப் பந்தியில் தரையில் அமர்ந்தவர் எழமாட்டாராயினர். இருவர் தூக்கினர். முதுமை என்றோம். மருத்துவரோ, "பாதி முதுமை, பாதி உங்கள் உபசாரம்" என்றார்.

1989-ஆம் ஆண்டில் இர்வின் ரோசன்பெர்க் என்னும் அமெரிக்க அறிஞர் இக்குறைக்குச் சார்கோபீனியா எனப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் சார்க்ஸ் என்பது தசை. பீனியா என்பது வறுமை. ஆதலின் இதனைத் தசை வறுமை என்போம். செல்வர் மனையிலும் புகும் வறுமை இது.

முப்பது வயதுக்குமேல் பத்தாண்டுக்கு நூற்றுக்கு 3 முதல் 8 பங்கு வரை தசை குறைகின்றது. மகளிர்க்கு மாதவிடாய் நிற்குங் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பும் குன்றுதலால், தசையும் எலும்பும் ஒருங்கே மெலிகின்றன. தசை போன இடத்திற் கொழுப்பு நிரம்புதலால் உடலெடை குறையாது; காண்போர் "உடம்பு நன்றாயிருக்கிறது" என்று ஏமாறுவர். உண்ட உணவின் சர்க்கரையைப் பெரிதும் ஏற்பது தசையே. அது சுருங்கின் நீரிழிவுக்கு வழி எளிதாகும். கால் வலுவிழந்தார் வீழ்வர். வீழ்ந்தார்க்கு இடுப்பெலும்பு முறியும்.

இதனை வீட்டிலேயே ஒருவாறு அறியலாம். கைகளை மார்பிற் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்தமர்க. பன்னிரண்டு நொடியோ அதற்கு மேலோ ஆயின், தளர்ச்சி உண்டென்று 2019-இல் ஆசிய மருத்துவர் குழுவினர் வரையறுத்தனர்.

பரிகாரம் யாது? முதலாவது, தசைக்குச் சுமை தருதல். 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், சராசரி 90 வயதினர் பதின்மர் எட்டு வாரம் காலாற் பாரந்தூக்கிப் பயின்றனர். அவர்தம் கால்வலிமை இருமடங்குக்கு மேலாயிற்று. தொண்ணூறில் இயல்வது ஐம்பதில் இயலாதோ? நடைமட்டும் போதாது, எழுந்தமர்தல், சுவரிற் கையூன்றித் தள்ளுதல், நீர்நிறை பாத்திரத்தைத் தூக்குதல் முதலியன சிறுகச் சிறுகப் பயிலத்தக்கன. இதயநோய், மூட்டுநோய் உடையார் மருத்துவரைக் கேட்டே தொடங்குக.

இரண்டாவது, உணவு. உடலெடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டுமென 2020-இல் நம் நாட்டு ஊட்டச்சத்து அறிஞர் விதித்தனர். 55 கிலோ எடையுள்ள அம்மையார்க்கு அஃது ஏறத்தாழ 46 கிராம். முதியோர்க்குச் சற்று மிகுதியும் நன்றென்பர். சிறுநீரக நோயினர்க்கு அளவு வேறு. நம் வீடுகளில் நிகழ்வது யாது? பருப்பின் கட்டி முதற்பந்திக்கு. அடியில் எஞ்சிய நீர் அம்மாவுக்கு. கறியும் முட்டையும் உண்ணும் வீடுகளிலும் இக்கதையே. கடைசியாக உண்பதைத் தியாகம் என்று புகழ்ந்து, அவர் தசையை நாமே கரைக்கின்றோம்.

ஆதலின் நம் சங்கத்தார்க்கு இரண்டு விண்ணப்பம். விருந்துகளில் மகளிர்க்கும் முதற்பந்தியிலேயே இலை போடுக. மாதந்தோறும் கூடும் மகளிர் கூட்டம் பத்துமுறை எழுந்தமர்தலோடு தொடங்குக. அமர்த்தி வைப்பதே தாய்க்குச் செய்யும் மரியாதை என்னும் எண்ணம் ஒழிக.

என் அன்னையார் ஓராண்டாகப் பயில்கின்றார். தரையினின்று எழ இன்னும் துணை வேண்டும். ஆனால் இருவர் வேண்டா, சுவரில் ஒரு கை போதும்.