விதை யாருடையது என்று கேளுங்கள்



மரபணு மாற்றப் பயிர் வேண்டுமா, வேண்டாமா என்று கேட்டால் இந்தப் பந்தலே இரண்டாகப் பிரியும். நான் கேட்கப் போவதில்லை. நம் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

2005-இல் நம் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மஹிகோ விதைக் கம்பெனியும் ஒப்பந்தம் போட்டன. காய்ப்புழுவைக் கொல்லும் மரபணுவை கோ 2, பாலூர் 1 மாதிரி நம் கத்திரி ரகங்களில் ஏற்றினார்கள். 2009 அக்டோபரில், மரபணுப் பயிர்களுக்கு அனுமதி தரும் டெல்லிக் குழு சம்மதித்தது. எதிர்ப்பு கிளம்பியதும், அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் கருத்துக் கேட்டார். கொல்கத்தா உண்டு, நாக்பூர் உண்டு, பெங்களூரு உண்டு. செடியை உருவாக்கிய கோயம்புத்தூர் இல்லைங்க! தமிழ்நாட்டிலேயே ஓர் ஊர் இல்லை. 2010 பிப்ரவரி 9-இல் கத்திரியை நிறுத்திவைத்தார். வங்கதேசத்தில் 2014 முதல் அதே மரபணுக் கத்திரி விளைகிறது.

இந்தக் கத்திரியால் மருந்தடிப்பு குறையும் என்று விஞ்ஞானிகள் சொல்வதிலும் நியாயம் உண்டு. கத்திரிக்கு எத்தனை தடவை மருந்தடிக்கிறோம் என்று நமக்குத் தெரியாதா? மார்க்கெட்டுக்கு ஒரு பாத்தி, வீட்டுக் குழம்புக்குத் தனிப் பாத்தி வைத்திருப்பவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள். சிரிக்காதீங்க!

இதே மாதிரி புழுவைக் கொல்லும் மரபணு ஏற்றிய பி.டி. பருத்திக்கு 2002-இலேயே அனுமதி வந்துவிட்டது. தொடக்கத்தில் பச்சைக் காய்ப்புழு அடங்கியது. அதை மறைக்கக் கூடாது. எட்டே வருஷத்தில், குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த மரபணுவுக்குப் பழகிவிட்டது என்று அந்த மரபணுவைத் தந்த மான்சாண்டோ கம்பெனியே ஒப்புக்கொண்டது. புழு பழகும், அது இயற்கை. எனக்கு உறுத்துவது வேறு. பி.டி. பருத்தி இங்கே வந்ததே வீரிய ஒட்டு விதையாகத்தான். எடுத்து வைத்த விதை அடுத்த போகத்தில் ஒரே சீராக வராது. வருஷாவருஷம் பாக்கெட் வாங்கியாக வேண்டும். விதையை நாமே எடுத்து வைக்கக்கூடிய எம்.சி.யு. 5 பருத்தி ரகத்தை நாட்டுக்குத் தந்த சீமைங்க இது.

பல்கலைக்கழகம் செய்த கத்திரியோ ஒட்டு இல்லை, ரகம். பழுத்த காயில் விதை எடுத்து அடுத்த பட்டத்துக்குப் போடலாம். ஆனால் உள்ளே ஏறிய மரபணு கம்பெனி கொடுத்தது. விதையைச் சேமிக்கவும் பக்கத்துத் தோட்டத்துக்குக் கொடுக்கவும் 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகங்கள், உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் நமக்கு உரிமை தருகிறது. அந்த உரிமைக்கும் அந்த ஒப்பந்தத்துக்கும் என்ன உறவு? நம் கிராமத்துக்கு வந்து தமிழில் விளக்கியவர் யார்?

2024 ஜூலையில் மரபணு மாற்றக் கடுகு வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் ஆளுக்கொரு பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் இதில் ஒத்துப்போனார்கள்: தேசியக் கொள்கை வகுக்க வேண்டும், மாநிலங்களையும் விவசாயிகளின் பிரதிநிதிகளையும் கலந்து பேச வேண்டும்.

அதனால் இன்றைய தீர்மானத்தில் ஆதரவு, எதிர்ப்பு இரண்டையும் எழுத வேண்டாம். கொங்குச் சீமையில் தமிழில் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கட்டும்; விதை ஒப்பந்தம் எதுவானாலும் வயல் சோதனைக்கு முன்பே தமிழில் வெளியாகட்டும். செயலாளர் தம்பி, எழுதிக்கோங்க. கையெழுத்தை முன்வரிசையிலிருந்து வாங்கலாம்.